வலயமும் வேட்கையும்: 'தெருவோர வனபோசனம்' நாவலும் 'ஸ்ரால்கர்' திரைப்படமும்

இலக்கியப் படைப்பொன்று திரைப்படமாக்கப்படும்போது, அது மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாயுள்ளது என்று கேட்பது நமது விமர்சன வழக்கம். இக்கேள்வி முற்றிலும் பயனற்றதன்று. ஆயினும் மூலத்திலிருந்து எவை விலக்கப்பட்டன என்பதோடு, எச்சூழ்நிலையில், எக்காரணங்களால் விலக்கப்பட்டன என்பதையும் ஆராயும்போதே அது வரலாற்றுக் கேள்வியாகிறது. அவ்வகையில், சோவியத் அறிவியற் புனைகதையாசிரியர்களான ஆர்க்காதி, பொரிஸ் ஸ்ருகாத்ஸ்கி சகோதரர்களின் 'தெருவோர வனபோசனம்' என்ற நாவலும், அதனை அடியாகக் கொண்டு அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1979இல் நெறியாண்ட 'ஸ்ரால்கர்' திரைப்படமும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

இக்கட்டுரையாசிரியன் முதலிற் கண்டது திரைப்படத்தையே. மாணவப் பருவத்தில், நண்பர் சிலர் வேதநூல் போலப் போற்றிய இப்படத்தை அவர்களோடிருந்து பார்த்தபோது, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரமும் பொறுமையின்மையே மேலோங்கியது. மூன்று ஆடவர் ஈரப் புல்வெளியினூடே நடக்கின்றனர். விசுவாசம் பற்றி வாதிடுகின்றனர். செல்லவேண்டிய இடத்தின் வாசலை அடைந்தும் உள்ளே நுழையாது திரும்புகின்றனர். கருத்துமுதல்வாதத்தின் அழகிய புகைமூட்டம் என்று அன்று தீர்ப்பளித்தேன். சில ஆண்டுகளின் பின் நாவலைப் படித்தபோது அத்தீர்ப்பு முதலில் உறுதிப்பட்டது, பின்னர் ஆட்டங்கண்டது. அவ்விரு நிலைகளுக்கும் காரணம் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சகோதரர்களுள் மூத்தவரான ஆர்க்காதி யப்பானிய மொழிபெயர்ப்பாளர். இளையவரான பொரிஸ் வானியல் பயின்றவர். இருவரும் 1971இல் எழுதிமுடித்த இந்நாவல், 1972இல் லெனின்கிராட் நகரின் 'அவ்ரோரா' சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. ஆயினும் நூலுருப் பெறுவதற்கு எட்டு ஆண்டுகள் சென்றன. 1980இல் வெளியான பதிப்பும் பெரிதும் வெட்டித் திருத்தப்பட்ட ஒன்றே. பதிப்பகத்தார் முன்வைத்த ஆட்சேபங்கள் அரசியல் சார்ந்தவையாக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாத்திரங்களின் ஒழுக்கக்கேடு, வன்முறை, கொச்சைப் பேச்சு ஆகியனவே குற்றமாகக் கொள்ளப்பட்டன. கதை நிகழ்வது மேலைநாடொன்றின் முதலாளித்துவ நகரில். அந்நகரின் அடித்தளத்து மனிதன் அவ்வாறுதான் பேசுவான். உழைப்பாளியின் பெயரால் இயங்கிய பதிப்பகமொன்று உழைப்பாளியின் வாய்மொழியைக் கண்டு கூசியதென்பது, நமது சிந்தனைக்குரிய முரண்பாடாகும்.

இனி நாவலின் உள்ளடக்கத்தை நோக்குவோம். வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து, எவரையும் பொருட்படுத்தாது சென்றுவிட்டனர். அவர்கள் தங்கிய இடங்கள் 'வலயங்கள்' எனப்படுகின்றன. தெருவோரத்தில் வனபோசனம் உண்டு சென்றவர்கள் விட்டுப்போன குப்பையைச் சூழ்ந்து விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் திகைப்பதுபோல, மனிதர் அவ்விடங்களைச் சூழ்ந்து நிற்கின்றனர் என்பது நூலின் தலைப்புக்கு அடிப்படையான உவமை. ஹார்மொன்ற் நகரை அடுத்த வலயத்தினுட் களவாக நுழைந்து, அங்குள்ள விளங்காப் பொருள்களை எடுத்துவந்து விற்போரே 'ஸ்ரால்கர்' எனப்படுவோர். கதாநாயகனான றெட்றிக் ஷூகார்ட் அவர்களுள் ஒருவன்.

ஆசிரியர்கள் இவ்வலயத்தை ஒரு சுரங்கத்தைச் சித்திரிப்பதுபோலச் சித்திரிக்கின்றனர். உள்ளே செல்பவனின் உயிராபத்து, இடைத்தரகன் கொடுக்கும் விலை, ஆய்வு நிறுவனத்தின் சம்பளம், இராணுவத்தின் ஆர்வம் என்று பொருளொன்று பண்டமாக மாறும் சங்கிலி முழுவதும் கண்முன் விரிகிறது. பொருளின் பயன் யாருக்கும் விளங்கவில்லை. அதன் விலை மட்டும் அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. பண்ட வழிபாடு பற்றி மார்க்ஸ் 'மூலதன'த்திற் கூறியவற்றுக்கு இதனைவிடக் கூர்மையான புனைகதை விளக்கத்தைக் காண்டல் அரிது. றெட்றிக் தான் சிறை செல்ல நேரும் வேளையில், கொடிய ஆயுதமாகக்கூடிய பொருளொன்றை விற்கச் செய்து, அப்பணம் மனைவிக்கும் மகளுக்கும் சேர வழிசெய்கிறான். அதனால் யார் அழிவர் என்பதை அவன் அறியாதவனல்லன். குடும்பப் பாசமே பேரழிவின் வாயிலாகிறது. தனிமனித நற்குணத்தால் இச்சங்கிலியை அறுத்துவிட முடியாது என்பதை நாவல் எவ்வித உபதேசமுமின்றி நிறுவுகிறது.

நாவலின் முடிவு இதனினும் கடுமையானது. வேண்டியதை அருளும் பொற்கோளத்தை அடையவேண்டின், வழியிலுள்ள பொறிக்கு ஒருவனைப் பலியிடவேண்டும். றெட்றிக் இதனை அறிந்தே, பழைய ஸ்ரால்கரான பேர்பிறிட்ஜின் மகன் ஆர்தரை அழைத்துச் செல்கிறான். அவ்விளைஞனோ அனைவரின் இன்பத்தையும் வேண்டிக் கூவியவாறு ஓடி மடிகிறான். கோளத்தின் முன் தனித்து நிற்கும் றெட்றிக்குக்கு வேண்டுவதற்குச் சொற்கள் இல்லை. வாழ்நாள் முழுவதும் பிழைப்புக்கு அலைந்தவனுக்குச் சிந்திக்கும் ஓய்வு கிட்டியதில்லை. ஈற்றில், தான் கொன்ற இளைஞனின் வேண்டுதலையே அவன் திரும்பச் சொல்கிறான். மானுட விடுதலையின் சொற்கள் பலியானவனிடமிருந்து கடன்வாங்கப்பட்டவையாக அமைகின்றன.

திரைப்படத்தில் இவற்றுட் பெரும்பாலானவை இல்லை. ஹார்மொன்ற் இல்லை, சந்தை இல்லை, பொற்கோளத்தினிடத்தில் ஓர் 'அறை' மட்டும் உள்ளது. பெயர் சுட்டப்படாத ஸ்ரால்கர் ஒருவன் எழுத்தாளன் ஒருவனையும் பேராசிரியன் ஒருவனையும் அங்கு அழைத்துச் செல்கிறான். நாவலின் முரட்டுக் கடத்தற்காரன், திரையில் நடுங்கும் குரலுடைய விசுவாசியாகிவிடுகிறான்.

இம்மாற்றத்தை நெறியாளரின் ஆன்மிக நாட்டத்துக்கு மட்டும் உரியதாக்குவது போதாது. தயாரிப்பு வரலாறும் இதில் பங்குகொண்டுள்ளது. படப்பிடிப்புக்கென முதலில் தெரிவுசெய்யப்பட்ட தஜிகிஸ்தானின் இஸ்பரா பகுதி நிலநடுக்கத்தின் காரணமாகக் கைவிடப்பட்டது. குழு எஸ்தோனியாவின் தலின் நகர்ப்புறத்துக்கு, யாகலா ஆற்றங்கரையிலிருந்த பாழடைந்த நீர்மின் நிலையத்துக்குச் சென்றது. 1977இல் எடுக்கப்பட்ட சுருள்களிற் பெரும்பகுதி இரசாயனக் கழுவலின்போது பழுதடைந்தது. ஒளிப்பதிவாளர் றேர்பேர்க் விலக்கப்பட்டார். மேலதிக நிதி பெறுவதற்காகப் படம் இரு பாகங்கள் கொண்டதாக மாற்றப்பட்டது. இந்த இடைவெளியிலேயே தார்க்கோவ்ஸ்கி வேறொரு ஸ்ரால்கரை எழுதித் தருமாறு கேட்டார் என்றும், சகோதரர்கள் அறிவியற் புனைகதைத் தன்மை பெரிதும் நீங்கிய உவமைக் கதையொன்றை விரைவில் எழுதிக் கொடுத்தனர் என்றும் பொரிஸ் பின்னர் பதிவுசெய்துள்ளார். விபத்தொன்று அழகியல் முடிவாகக் கனிந்த வரலாறு இது.

கான் திரைப்பட விழாவில் 1980இல் கிறித்தவ ஒன்றிப்பு நடுவர் குழு இப்படத்துக்குப் பரிசளித்தது. இத்தகைய வரவேற்பு முற்போக்காளரின் ஐயத்தை வலுப்படுத்தியிருப்பின் வியப்பில்லை. எனது முதல் தீர்ப்பும் அவ்வகையினதே. நாவலைப் படித்தபின் அதனை மீளாய்வு செய்யத் தூண்டியது, திரைப்படத்தில் வரும் ஒரு கிளைக்கதையாகும்.

'முள்ளம்பன்றி' என்ற பட்டப்பெயருடைய முன்னைய ஸ்ரால்கர் ஒருவன் வலயத்திலே தன் தம்பியைப் பலிகொடுத்தான். பின்னர் அறையிற் புகுந்து தம்பியின் உயிரை வேண்டினான். வீடு திரும்பியபோது அவனுக்குக் கிடைத்தது பெரும் பணம். அவன் தூக்கிட்டு மாண்டான். வாய் வேண்டுவதை விடுத்து, நெஞ்சின் ஆழத்திலுள்ள வேட்கையையே அறை நிறைவேற்றுகிறது என்பது இதன் பொருள். ஒருவனைப் பலியிட்டு மற்றவன் பயனடையும் நாவலின் மையச் சம்பவமே இங்குக் கூறப்படுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. நாவலின் கதை திரைப்படத்தின் முன்கதையாகிவிட்டது. சந்தை மறைந்துவிடவில்லை, அது மனிதனின் உள்ளத்தினுட் குடிபுகுந்துவிட்டது. தம்பியை வேண்டியவனின் அடிமனம் பணத்தைக் கேட்டதெனின், அந்த அடிமனத்தை வார்த்தது எது? தார்க்கோவ்ஸ்கி இதனை மனச்சாட்சியின் பிரச்சினையாகக் கண்டிருக்கலாம். ஆனால் அவர் காட்டியதோ சமூக உறவுகளால் வனையப்பட்ட வேட்கையையே. படைப்பாளியின் உலகநோக்கும் படைப்பு வெளிப்படுத்தும் உண்மையும் முரண்படக்கூடும் என்பது பால்சாக் பற்றிய ஏங்கெல்சின் கருத்துக்களால் நமக்குப் பழக்கமானதே.

மூவரும் அறையினுள் நுழையாமையையும் இவ்வடிப்படையிலேயே விளக்கவேண்டும். நாவலின் றெட்றிக்கிடம் வேண்டுவதற்குச் சொற்கள் இல்லை. திரைப்படத்தின் எழுத்தாளனிடம் சொற்களுக்குக் குறைவில்லை. அவற்றின்கீழ் மறைந்திருப்பது வெளிப்பட்டுவிடும் என்ற அச்சமே அவனைத் தடுக்கிறது. பேராசிரியன் அறையைத் தகர்க்கக் கொண்டுவந்த குண்டைத் தானே கழற்றி நீரில் எறிகிறான். நாவல் உழைப்பாளிக்கு மறுக்கப்பட்ட மொழியைப் பற்றியது. திரைப்படம் புத்திசீவிக்கு மிகுந்துவிட்ட மொழியின் வறுமையைப் பற்றியது. எழுதுவதையும் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட நாம், மக்களின் பெயரால் நாள்தோறும் வேண்டுதல்களை எழுதி வருகின்றோம். அவ்வறை நமக்கு எதனைத் தரும் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கொள்ள இயலாது. எனது பழைய பொறுமையின்மையின் ஒரு பகுதி இக்கேள்வியை எதிர்கொள்ள விரும்பாமையே என்று இன்று கருதுகிறேன்.

எனினும் இழப்பை மறைத்தல் நேர்மையாகாது. நாவலில் வலயத்தின் பாதிப்பு ஒரு நகரத்தினது. திரைப்படத்தில் அது ஒரு குடும்பத்தினதாகச் சுருங்குகிறது. ஸ்ரால்கரின் மனைவி பார்வையாளரை நேரே நோக்கிப் பேசும் பேச்சு உள்ளத்தை உருக்குவது. ஆயின் அவளது துன்பம் விதியாகவும் அன்பாகவும் ஏற்கப்படுகிறதேயன்றி வினவப்படவில்லை. நாவலின் கூர்மை இங்கு மழுங்கிவிட்டதென்பதில் ஐயமில்லை.

இதற்கு ஈடுசெய்வது காட்சிப்படிமமே. கைவிடப்பட்ட மின்நிலையமும், நீரினடியிற் கிடக்கும் துருவேறிய பொருள்களும் மனித உழைப்பின் எச்சங்கள். வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற அதிசயப் பொருள்களைத் தார்க்கோவ்ஸ்கி நீக்கியபோது, அவ்விடத்தை நிரப்பியது இருபதாம் நூற்றாண்டின் கைத்தொழிற் சிதைவு. 1986 ஏப்பிரலிற் செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்து, அதனைச் சூழ்ந்த முப்பது கிலோமீற்றர் ஆரமுடைய பகுதி மக்களற்றதாக்கப்பட்டபோது, அதுவும் 'வலயம்' என்றே அழைக்கப்பட்டது. அதனுட் களவாக நுழைவோர் தம்மை 'ஸ்ரால்கர்' என்று அழைத்துக்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியில் தார்க்கோவ்ஸ்கி பாரிஸ் நகரிற் புற்றுநோயால் மறைந்தார். படப்பிடிப்புத் தளத்துக்கு மேலே ஆற்றிற் கலந்த தொழிற்சாலைக் கழிவே அவரதும் நடிகர் சொலனீத்சினதும் நோய்க்குக் காரணமென்று ஒலிப்பதிவாளர் ஷாருன் கருதினார். இது நிறுவப்பட்ட முடிவன்று. எனினும் படத்தின் அழகிய வெண்நுரையை இனி வெறும் குறியீடாக நோக்குதல் கடினம்.

ஆகவே, நாவலை வைத்துப் படத்தைத் தள்ளுவதும் படத்தை வைத்து நாவலை மறப்பதும் ஒருபக்கப் பார்வைகளேயாம். நாவல், வேட்கை எவ்வாறு விலையாகிறது என்பதைக் காட்டுகிறது. படம், விலை எவ்வாறு வேட்கையாகிறது என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பதே நமக்குப் பயன்தருவது. அனைவருக்குமான இன்பத்தை வேண்டிய இளைஞன் நாவலில் மடிந்துவிட்டான். அவனது வேண்டுதலைச் சொந்தச் சொற்களாற் சொல்லும் பொறுப்பு இன்னமும் எஞ்சியுள்ளது.