ஒரே இடம், இரு பெயர்கள்: மர்பி டவுனைத் தேடுவது எப்படி?

பெங்களூரில் அல்சூரை ஒட்டியுள்ள மர்பி டவுன் முன்பு நாக்ஸ்பேட்டை என அழைக்கப்பட்டது. மர்பி என்ற பொறியாளரின் பெயர் பின்னரே வழக்கிற்கு வந்தது. இப்பகுதியை உள்ளடக்கிய கண்டோன்மென்ட் 1881 முதல் 1947 வரை பிரித்தானிய ஆளுகையிலும், பின்னர் மைசூர் அரசின் கீழும் இருந்தது. 1949இல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைந்தது. பெயரும் ஆட்சியும் மாற, ஆவணங்களும் பல தலைப்புகளில் சிதறுவது இயல்பே.

மூன்று தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பமொன்று தன் முன்னோரின் மனைப் பத்திரத்தைத் தேடுவதாகக் கொள்வோம். ‘மர்பி டவுன்’ என்று மட்டும் தேடினால் நாக்ஸ்பேட்டைக் காலத்து ஆவணம் அகப்படாது. ‘மர்பி’ என்று மட்டும் தேடினால் பொறியாளரும் வருவார், மர்பி வானொலிப் பெட்டியும் வரும்.

இச்சிக்கலின் இயல்பைக் கணினிக் காலத்துக்கு முன்பே ஆராய்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, குறியீட்டில் மீண்டும் இணைப்பதே அதன் அடிப்படை. அக்கூறுகளைப் பின்னர் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாக வகுத்தார். இறுதிக்காலத்தைப் பெங்களூரில் கழித்த அவர், 1962இல் அங்கேயே ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தையும் நிறுவினார்.

இன்றைய தேடுபொறிகளும் இதே வினாவை எதிர்கொள்கின்றன. தலைப்பு, இடம், ஆண்டு, உள்ளடக்கம் ஆகிய புலங்களை ஒரே புலத்தில் கொட்டிவிட்டால் தேடல் எளிதாகும். ஆனால் ‘மர்பி’ ஆளா, ஊரா என்ற வேறுபாடு மறையும். புலங்களைத் தனித்தனியே காத்து, தேடும் வேளையில் மட்டும் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எடையைத் தருவது மற்றொரு வழி. 2004இல் ராபர்ட்சன், சரகோசா, டெய்லர் ஆகியோர் முன்வைத்த வாய்பாடு இவ்வழியினது. ஒரு சொல் எந்தப் புலத்தில் எத்தனை முறை வருகிறது என்பதை எடையிட்டுக் கூட்டிய பின்னரே ஆவணத்தை அது மதிப்பிடுகிறது.

ஆயினும் வாய்பாடு மட்டும் போதாது. இடப்பெயர்ப் புலத்தில் நாக்ஸ்பேட்டையும் மர்பி டவுனும் ஒன்றே என்று யாரேனும் பதிந்திருக்க வேண்டும். அல்சூர், அலசூர், ஹலசூரு என்ற வடிவங்களுக்கும் இதுவே பொருந்தும். அவ்விணைப்பைப் பதியும் பணியைப் பொறி தானாகச் செய்யாது. ஊரின் வரலாறு அறிந்தவரே செய்ய இயலும். பழைய பெயரை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.