நாஃப்தலீன்

நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வெண்ணிறப் படிக ஹைட்ரோகார்பன். அந்துருண்டையாக, பாச்சை உருண்டையாக வீட்டுக்கு வருவது. மூலக்கூறில் 10 கார்பன், 8 ஹைட்ரஜன் அணுக்கள். ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்ட இரு பென்சீன் வளையங்கள். இதன் எளிய வாய்பாட்டை 1826-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். உருகுநிலை 80 டிகிரி செல்சியஸ், கொதிநிலை 218. ஆனாலும் அறை வெப்பத்திலேயே, உருகாமல் நேரே ஆவியாகும். பீரோவில் போட்ட உருண்டை நாளடைவில் பட்டாணியளவாகச் சுருங்கி, துணியில் நெடியை மட்டும் விட்டுச்செல்வது இதனால்தான். நீரில் அநேகமாகக் கரையாது, மூழ்கும். பென்சீனிலும் ஈதரிலும் கரையும். கார்பன் மிகுதியால் கரும்புகையுடன் எரியும். பென்சீனைவிட எளிதாக நைட்ரோ ஏற்றம் பெறும். வினையூக்கியுடன் காற்றில் ஆக்சிஜனேற்றினால் தாலிக் நீரிலி கிடைக்கும். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங் குழந்தைகளின் சிவப்பணுக்களை இது சிதைக்கக்கூடும். குழந்தைத் துணிகளோடு போட்டு வைக்க வேண்டாம்.