பெரிய டிரெய்லருக்கு ஏற்ற பிக்கப் டிரக்: அமெரிக்காவில் தேர்வுமுறை வளர்ந்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டு டிரெய்லர், படகு, குதிரைகளை ஏற்றும் டிரெய்லர் போன்றவற்றை இழுத்துச் செல்லப் பெரும்பாலும் பிக்கப் டிரக்குகளே பயன்படுகின்றன. எந்த டிரெய்லருக்கு எந்த டிரக் ஏற்றது என்று முடிவு செய்யும் முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் மெல்ல உருவானது. வண்டி இழுக்குமா என்பதே முதலில் எழுந்த கேள்வி. தாங்குமா, இறக்கத்தில் நிற்குமா என்ற கேள்விகள் பிந்தியே முக்கியத்துவம் பெற்றன.

1914ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், மரவணிகர் ஒருவரின் படகைக் கொண்டுசெல்ல ஒரு டிரெய்லர் செய்து கொடுத்தார். அதை இழுத்தது ஃபோர்டு மாடல் டி கார். டிரெய்லரின் முன்பாரம் காரின் பின்பகுதியில் அமர்ந்தது. பிற்காலத் தேர்வுச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு அமைப்பிலேயே அடங்கியிருந்தது எனலாம். 1917இல் ஒரு டன் சுமைக்கான மாடல் டிடி அடிச்சட்டத்தையும், 1925இல் தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட பிக்கப்பையும் ஃபோர்டு வெளியிட்டது. பின்னதன் விலை 281 டாலர். திறன் 20 குதிரைத்திறன்.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்ற வகைப் பெயர்கள் முதலில் டிரக் சுமக்கும் எடையைக் குறித்தன. டிரக்குகள் வலுப்பெற்ற பின்னும் பழைய பெயர்களே நிலைத்துவிட்டதால், இன்று அவற்றை எடையாக எடுத்துக்கொள்வது தவறு.

1989 மாதிரி டாட்ஜ் டிரக்கில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எந்திரம் ஒரு திருப்பம். அதன் 160 குதிரைத்திறன், அன்றைய பெரிய பெட்ரோல் எந்திரங்களைவிடக் குறைவு. ஆனால் சுமார் 540 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்ததால், பெருஞ்சுமையோடு மேடேற அது ஏற்றதாக இருந்தது. 1999 மாதிரியாக ஃபோர்டின் சூப்பர் டியூட்டி, 2001 மாதிரியாக ஜெனரல் மோட்டார்சின் டியூராமேக்ஸ் என்று போட்டி சூடுபிடித்தது.

இதில் ஒரு குறை இருந்தது. இழுவைத் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முறையில் கணக்கிட்டு விளம்பரம் செய்தது. பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்தியது போன்ற நிலை அது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2008இல் வெளியிட்ட ஜே2807 என்னும் பொதுச் சோதனை முறை இதை மாற்றியது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 18 கிலோமீட்டர் மலைச்சாலை, சுமார் 900 மீட்டர் உயரம் ஏறுகிறது. முழுச் சுமையோடு, குறைந்தது 38 பாகை செல்சியசு வெயிலில், குளிர்சாதனத்தை இயக்கியபடியே அதில் ஏற வேண்டும். பின்புறம் ஒற்றைச் சக்கரங்கள் கொண்ட டிரக் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இரட்டைச் சக்கர டிரக்குக்கு 56. மேலும், 12 விழுக்காடு சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். டொயோட்டா 2011 மாதிரி டண்ட்ராவில் இம்முறையை முதலில் ஏற்றது. அறிவித்திருந்த திறன் குறைந்தபோதும் அதை வெளியிட்டது. மற்ற பெரிய நிறுவனங்கள் 2015 மாதிரி வரை தயங்கின.

இழுவைத் திறன் ஒப்பிடத்தக்கதான பின்னும் பலர் தவறும் இடம் சுமைத் திறனே. சாதாரண டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் குண்டின் மீது இறங்குகிறது. முன்பாரம் இதற்குக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்குப் பின்பாரத்தின் தொல்லை தெரியும். 3,600 கிலோ டிரெய்லரில் எட்டில் ஒரு பங்கு என்றால் 450 கிலோ. டிரக்கின் சுமைத் திறன் 700 கிலோவானால் மீதி 250. எழுபது கிலோ எடையுள்ள நால்வர் ஏறினாலே 280 ஆகிவிடுகிறது. அந்த டிரக்கின் விளம்பரத்தில் 5,000 கிலோ இழுக்கும் என்று இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

டிரக்கின் தளத்திலேயே பொருத்தப்படும் ஐந்தாம் சக்கர இணைப்பில் முன்பாரம் 15 முதல் 25 விழுக்காடு வரை போகும். பெரிய ஐந்தாம் சக்கர டிரெய்லர்களுக்குப் பின்புறம் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட ஒரு டன் வகையைத் தேர்வது இதனால்தான். இறக்கத்துக்கு டிரெய்லரின் தனித் தடைகளோடு எந்திரத் தடையும் உதவுகிறது. 2007இல் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எந்திரத்தில் புகைபோக்கு வழித் தடை உடன் அமைந்திருந்தது. குறிப்பிட்ட ஒரு டிரக் எவ்வளவு சுமக்கும் என்பது ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே மாதிரியில் ஒரே வண்ணத்தில் நிற்கும் இரண்டு டிரக்குகளிலும் அந்த எண் வேறாக இருக்கலாம்.