ஆள் அங்கேயே, மாவட்டம் மட்டும் நாலு தடவை

1988இல் உடையார்பாளையத்தில் பிறந்த ஒருத்தரை வைத்துக்கொள்வோம். பிறந்தபோது ஊர் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001 ஜனவரி 1 முதல் அரியலூர். 2002 மார்ச் 31இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23இல் மறுபடி அரியலூர். இத்தனைக்கும் அவர் வீட்டு வாசப்படி ஓர் அடி நகரவில்லை.

உள்ளூரில் இது பெரிய விஷயமில்லைங்க. வண்டி நம்பரில் 45 என்றால் திருச்சி, 46 பெரம்பலூர், 61 அரியலூர் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அதே ஆள் சவூதிக்கு ஹவுஸ் டிரைவராகக் கிளம்பும்போதுதான் தொல்லை. பிறப்புச் சான்றிதழில் திருச்சி, 2006இல் எடுத்த லைசென்ஸில் பெரம்பலூர், 2010 பாஸ்போர்ட்டில் அரியலூர். பத்தாவது தேறாதவர் என்றால் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி தனி அனுமதி வேறு வாங்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபிறகு இக்காமாதான் உயிர். அதைப் புதுப்பிப்பது கஃபீல், அதாவது முதலாளி. ஓட்டுகிற வண்டியின் பதிவு அட்டையான இஸ்திமாராவும் அவர் பேரில்தான். சட்டம் கூடாது என்றாலும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிற முதலாளிகள் உண்டு. ஆக, ‘நான் இன்னார்’ என்று காட்ட இவர் கையில் மிஞ்சுவது ஊர்க் காகிதங்கள். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் வெளியூரில் யாரிடம் போய் விளக்குவது?

முகவரியில் தாலுகாவையும் எழுதுங்கள் என்பேன். நாலு மாற்றத்திலும் உடையார்பாளையம் தாலுகா அதே பேரில்தான் இருந்தது. அந்தத் தாலுகா ஆபீஸ் இருப்பது என்னவோ ஜெயங்கொண்டத்தில்!