மோட்டார் யுகம் – 17: வண்டிக்குள் ஒரு கணப்பு

கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி உயரத்தில் அமைந்த பெங்களூரில், 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் உஷ்ணமானி 7.8 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதே இன்றளவும் அந்நகரத்துக் குளிரின் எல்லையாகச் சொல்லப்படுகிறது. ஆகையால் காருக்குள் கணப்பு வேண்டுமென்ற எண்ணம் அங்குள்ளோருக்கு எளிதில் உதிக்கக்கூடியதன்று. ஆயினும் பனி உறையும் தேசங்களில் அக்கணப்புக்காக நிகழ்ந்த பிரயாசைகளின் சரித்திரத்தில் பெங்களூருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

ஆதி மோட்டார்கள் பெரும்பாலும் திறந்த வண்டிகளே. 1919-இல்கூட அமெரிக்கக் கார்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான் மூடிய கூடு உடையதாயிருந்தது. கோச்சு வண்டிக் காலத்துக் கம்பளியும், சுட்ட செங்கல்லும், காலடியில் வைக்கும் கரிக்கணப்புமே பிரயாணிகளுக்குத் துணை. மூடிய கார்கள் பெருகிய பிறகே வெப்பத்தை உள்ளே நிறுத்திவைப்பது சாத்தியமாயிற்று. வெப்பத்துக்கோ பஞ்சமில்லை, எரியும் பெட்ரோலின் சக்தியில் சுமார் கால் பங்கே சக்கரத்தைச் சேர, எஞ்சியதெல்லாம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் விரயமாகிக்கொண்டிருந்தது. அதை உள்ளே கொணரும் உபாயம்தான் தேவைப்பட்டது.

முதலில் புகைக்குழாயின் சூட்டையே நாடினார்கள். 1929-இல் போர்டு கம்பெனியின் 'மாடல் ஏ' காருக்கு, அக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விடும் சாதனம் கிடைத்தது. ஆனால் குழாயில் ஒரு விரிசல் கண்டால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு, உள்ளிருப்பவர் அறியாமலே அவர் சுவாசத்தில் கலந்துவிடும். 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸ், என்ஜினைக் குளிர்வித்துத் தானே கொதிக்கும் நீரை ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு அபாயத்தை நீக்கியது. என்ஜின் சூடேறும்வரை குளிர்காற்றே வீசும் என்பது அதன் குறை. அதுவரை காத்திராதவர்களுக்காக, தனியே பெட்ரோலை எரிக்கும் 'சவுத் விண்ட்' கணப்பை ஸ்டூவர்ட் வார்னர் நிறுவனம் விற்றது. 1938-இல் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உட்செலுத்தும் முறையை அறிமுகம் செய்து, மறு ஆண்டே அதனோடு தானியங்கி உஷ்ணக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது.

இவ்வளவும் என்ஜின் இருக்கும்வரை. 1994-இல் பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் கூடித் தொடங்கிய ரேவா கம்பெனியின் மின்சாரக் கார், 2001-இல் இங்கும், சில ஆண்டுகளில் 'ஜி-விஸ்' என்ற நாமத்துடன் லண்டன் வீதிகளிலும் ஓடியது. அதில் கொதிநீரும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 9.6 யூனிட், ஒரு கிலோவாட் கணப்பை ஒரு மணி நேரம் எரித்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்து, ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் ஓடவேண்டிய வண்டி எட்டு கிலோமீட்டரை இழந்துவிடும். கழிவாகக் கிடைத்த பண்டத்தை மின்சார யுகம் விலைகொடுத்து வாங்கும் பண்டமாக மாற்றிவிட்டது.

அந்த அமெரிகான் நிறுவனமே, 1834-இல் பெல்டியே கண்ட மின்வெப்ப விளைவைக் கொண்டு, காற்றைச் சூடாக்காமல் ஆசனத்தை மட்டும் வெதுவெதுப்பாக்கும் முறையில் பெயர் பெற்றது. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்தாற்போல, வெளிக்குளிரிலிருந்தே உஷ்ணத்தை இறைத்துத் தரும் வெப்ப எக்கியின் கதையை அடுத்த இதழில் காண்போம்.