‘கொஞ்ச நாள்தானே...’ பன்னிரண்டரை வருஷம்!

மதுரை ஜங்ஷனில் போடி ரயில் ஏறியிருக்கிறீர்களா? எப்போது, 2010-க்கு முன்பா, 2023-க்குப் பின்பா? காரணமாகத்தான் கேட்கிறேன். இடையில் அந்த ஊருக்கு ரயிலே கிடையாது!

கதை 1928-ல் தொடங்குகிறது. ஏலமலையில் விளைந்த ஏலக்காய் கீழே இறங்கி வந்து சேரும் சந்தை, போடிநாயக்கனூர். அங்கிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு 90 கிலோ மீட்டர். வெள்ளைக்காரன் காலத்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி, அதில் மீட்டர் கேஜ் பாதை போட்டது. சரக்கும் போச்சு, சனமும் போச்சு.

பதினான்கு வருஷம்தான். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்கு ஏகப்பட்ட கிராக்கி. 1942-ல் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! சுதந்திரம் வந்து, 1950-களில்தான் பாதை திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது முறை ரயிலை நிறுத்தியது போர் அல்ல, முன்னேற்றம். ‘நாடு முழுக்க ஒரே அகலத்தில் பாதை’ என்று 1992-ல் ரயில்வே முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். மீட்டர் கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். அகலப் பாதையில் 1.676 மீட்டர். அகலம் கூடினால் வேகம் கூடும், சுமை கூடும், மதுரையில் வண்டி மாறாமல் நேரே சென்னை போகலாம். போடிக்காரர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். 2010 டிசம்பர் 31-உடன் பழைய ரயில் நின்றது. ‘கொஞ்ச நாள்தானே...’

கொஞ்ச நாளா? ஆண்டிபட்டி கணவாயில் பாறை உடைக்க வேண்டும், பாலங்கள் கட்ட வேண்டும், வருஷா வருஷம் பட்ஜெட்டில் பணம் வர வேண்டும். உசிலம்பட்டி வரை சோதனை ரயில் வந்ததே 2020 ஜனவரியில்தான். தேனிக்கு 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் 15. தேனி வரைக்குமே 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவு என்று பார்த்தே பழக்கம். அந்த 500 கோடி பேரேட்டில் ஏறிவிட்டது. பன்னிரண்டரை வருஷம் பஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, ரயில்தான் வந்துவிட்டதே என்கிறீர்களா? 2022-ல் தேனிக்கு ஓட ஆரம்பித்த ரயிலின் நேரத்தைப் பாருங்கள். காலை எட்டரைக்கு மதுரையில் கிளம்பி தேனி போகும்; சாயங்காலம் ஆறேகாலுக்குத் தேனியில் கிளம்பி மதுரை திரும்பும். அடுத்த வருஷம் போடி வரை நீண்டபோதும் காலையில் அங்கே, மாலையில் இங்கே என்ற அதே கணக்குதான். மதுரைக்காரர் தேனிக்கு வேலைக்குப் போய்வர அம்சமான நேரம். ஆனால், மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் காலையில் வர வேண்டிய உசிலம்பட்டிப் பெரியவர் என்ன செய்வார்? பஸ்தான்! சென்னைக்கும் நேரடி ரயில் கிடைத்தது, வாரத்தில் மூன்று நாள். தூரத்து ஊர் கிட்டே வந்தது. பக்கத்து ஊர் தூரமாகவே இருந்தது.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. ஜப்பானில் 1997-ல் நாகானோ நகருக்குப் புல்லட் ரயில் விட்டபோது, பழைய பாதையில் யோகோகாவா - கருயிசாவா மலைப் பகுதியை மூடியே விட்டார்கள். ஆனால், அதற்குப் பதில் பஸ் விட்டார்கள். மற்றொரு பகுதியை நடத்த உள்ளூரிலேயே ஒரு ரயில் கம்பெனி தொடங்கினார்கள். ‘பெரிய ரயில் வந்தால் சின்ன ஊர்க்காரன் என்ன ஆவான்?’ என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டார்கள்.

மதுரைக்கு வந்தே பாரத் வந்தாயிற்று. சென்னையிலிருந்து சுமார் ஆறு மணி நேரம். கைதட்டுவோம், தப்பில்லை. அடுத்த முறை எங்கேயாவது ‘தற்காலிகமாக’ ரயிலை நிறுத்துகிறோம் என்று போர்டு வைத்தால் மட்டும் இரண்டு கேள்வி கேளுங்கள்: அதுவரை நாங்கள் எதில் போவது? திரும்பி வரும்போது, எங்களுக்குத் தோதான நேரத்தில் வருமா?

தண்டவாளம் போட்டால் மட்டும் ரயில் வந்துவிடாது சார். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அந்தப் பெரியவர் ஏறி உட்கார முடிந்தால்தான், அது வந்ததாக அர்த்தம்!