ஒரு சுண்டு எவ்வளவு?

சோற்றைக் குறை, மரக்கறியைக் கூட்டு என்று இப்போ எங்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரத்தினபுரி, கேகாலை லயங்களில் எங்கள் அப்பாயிமார் அளவு படித்தது வேற பள்ளிக்கூடத்தில்.

நாலு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். இதுதான் அவர்களுடைய வாய்ப்பாடு. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டமே அரிசியைக் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பிறகு கூப்பன் வந்தது. வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டு அரிசி, 1966 டிசம்பரில் ஒன்றானது. அந்த ஒன்று இலவசமாம்! 1970 தேர்தலில் 'இரண்டு கொத்து' வாக்குறுதியே ஓட்டு வாங்கியது. 1973-ல் மறுபடி வெட்டு. மாவும் பாணும்கூட விலை ஏறிப்போச்சு. கிராமத்தில் பலருக்கு ஒரு துண்டு வயலாவது, ஒரு பலாமரமாவது இருந்தது. லயத்துக்காரருக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை. 1974-ல் தோட்டங்களில் சாவு கூடியது. அரசாங்கத்தின் கணக்கிலேயே அது இருக்கிறது.

எங்கள் வீடுகளில் அப்பாயி இன்றைக்கும் சுண்டைத் தலைதட்டித்தான் அளக்கிறார். அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் திரும்பச் சாக்கிலேயே போடுகிறார். யாராவது தட்டில் சோறு மிச்சம் வைத்தால், அன்றைக்கு முழுக்க அவர் பேசுவதில்லை.